ஆளைக் குறைச்சா ராணுவம் ஸ்லிம் ஆகுமா? ரஷ்யா 2008ல வெட்டுனதும் 2022ல தேடுனதும்

2006 மே மாசம் புடின் தன் நாட்டு பார்லிமெண்ட் முன்னாடி ஒரு கணக்கு சொன்னாரு. 1999ல தன் நாட்டுக்குள்ளயே இருக்கிற செச்சன்யா பக்கம் மறுபடி சண்டை வெடிச்சப்போ குறைஞ்சது 65 ஆயிரம் பேரைத் திரட்டி அனுப்பணும்னு நிலைமை, ஆனா மொத்த தரைப்படையையும் சலிச்சுப் பார்த்தா சண்டைக்கு ரெடியா இருந்தது 55 ஆயிரம் பேர் தான், அதுவும் நாடு முழுக்க சிதறிக் கிடந்தாங்க. ராணுவத்துல இருந்தது 14 லட்சம் பேர், ஆனா சண்டை போட ஆள் இல்ல. இதை அந்த நாட்டு ஜனாதிபதியே வெளிப்படையா சொன்னாரு.

ராணுவத்தைக் குறைக்கணுமா வேணாமான்னு எந்த நாட்டுல விவாதம் வந்தாலும் எல்லாரும் முதல்ல தலைய எண்ண ஆரம்பிச்சிடுறாங்க. இத்தனை லட்சம் இருந்துச்சு, இத்தனை லட்சம் ஆகப் போகுது, ஐயோ பலம் போச்சுன்னு ஒரு கூட்டம், இல்ல இல்ல இது மாடர்ன் காலம் ட்ரோன் பார்த்துக்கும்னு இன்னொரு கூட்டம். ஆனா அந்த லட்சத்துக்குள்ள ரெண்டு வேற வேற விஷயம் ஒளிஞ்சிருக்கு. ஒண்ணு, இன்னைக்கு ராத்திரி உத்தரவு வந்தா நாளைக்கு காலைல கிளம்பக்கூடிய படை. இன்னொண்ணு, அந்தப் படை அடிபட்டா ஆறு மாசம் கழிச்சு அந்த இடத்தை நிரப்புறதுக்கான ஏற்பாடு. ரெண்டுக்கும் காசு ஒரே பையில இருந்து தான் வரணும். முதலாவது பரேடுல, பயிற்சில கண்ணுக்குத் தெரியும். ரெண்டாவது சமாதான காலத்துல தண்டச் செலவு மாதிரியே இருக்கும், அதனால ஆள் குறைப்புன்னு வந்தா முதல் வெட்டு அதுக்குத் தான் விழும். இதை ரஷ்யா அளவுக்குத் தெளிவா காட்டுன கேஸ் சமீபத்துல வேற இல்லன்னு நினைக்கிறேன், அதான் அதையே எடுத்துக்கிட்டேன்.

சோவியத் காலத்து ராணுவம் எப்படி கட்டப்பட்டிருந்துச்சுன்னு முதல்ல புரியணும். அவங்க தயாரானது நேட்டோவோட ஒரு பெரிய போருக்கு. அந்தப் போர் வந்தா ஏற்கனவே கட்டாய சேவை முடிச்சு வீட்டுக்குப் போன லட்சக்கணக்கான ஆம்பளைங்களைத் திரும்ப கூப்பிடுவாங்க, அவங்க வந்து உக்கார ரெடியா டிவிஷன்கள், அதாவது பத்தாயிரம் பேருக்கு மேல கொள்ற பெரிய படைப் பிரிவுகள், இருக்கணும். அதனால நாடு முழுக்க காலி டிவிஷன்கள் வச்சிருந்தாங்க. ஷெட்டுல டேங்க் நிக்கும், குடோன்ல துப்பாக்கி இருக்கும், கர்னல் இருப்பாரு, மேஜர் இருப்பாரு, கணக்கு எழுத ஆள் இருக்கும், சிப்பாய் மட்டும் பேருக்கு கொஞ்சம் பேர். வாத்தியார் எல்லாரும் சம்பளம் வாங்குறாங்க, பிள்ளைங்க மட்டும் இல்லாத பள்ளிக்கூடம் மாதிரி. சோவியத் யூனியன் உடைஞ்சதுக்கு அப்புறம் அந்தப் பெரிய போருக்கான வாய்ப்பும் குறைஞ்சு காசும் இல்லாமப் போச்சு, ஆனா இந்த அமைப்பு மட்டும் அப்படியே நின்னுச்சு. அந்த ஆபீசர்கள் வருஷக்கணக்கா சில நூறு பேர் இருக்கிற ஒரு முழு பட்டாலியனைக்கூட களத்துல நடத்திப் பார்க்காம பேப்பர்ல பதவி உயர்வு வாங்கிட்டே போனாங்க.

1994 கடைசில செச்சன்யா தலைநகர் க்ரோஸ்னிக்குள்ள நுழைஞ்சப்போ இதோட விலை தெரிஞ்சுது. அங்கங்க இருந்து ஆளைப் பொறுக்கி ஒட்டுப்போட்டு அனுப்புன படைகள், ஒருத்தரை ஒருத்தர் தெரியாது, புத்தாண்டு ராத்திரில மைக்கோப்ல இருந்து வந்த 131வது பிரிகேட் அந்த நகரத்துக்குள்ள சிக்கி கிட்டத்தட்ட அழிஞ்சே போச்சு. அப்புறம் 2008 ஆகஸ்ட்ல ஜார்ஜியாவோட அஞ்சு நாள் சண்டை. ஜெயிச்சாங்க, ஆனா ஜெயிச்ச விதம் அவங்களுக்கே அசிங்கமா இருந்துச்சு. ரேடியோ வேலை செய்யல, ஒரு டியூ-22 பாம்பர் விமானத்தை அந்தக் குட்டி நாட்டுக்கிட்ட பறிகொடுத்தாங்க, 58வது ஆர்மி கமாண்டர் க்ருல்யோவே அடிபட்டாரு. ராணுவத் தலைமைத் தளபதி நிகோலாய் மக்காரோவ் அப்புறம் சொன்னாரு, இந்தச் சண்டையை நடத்தத் தெரிஞ்ச கர்னல், ஜெனரலை மொத்த ராணுவத்துலயும் ஒவ்வொருத்தரா தேடிப் பொறுக்க வேண்டியிருந்துச்சுன்னு. தரைப்படைல முழு ரெடியா இருந்த யூனிட் 17 சதவீதம் தான்னும் அவரு தான் சொன்னாரு.

அதே வருஷம் அக்டோபர்ல ராணுவ அமைச்சர் அனடோலி செர்த்யூக்கோவ் திட்டத்தை அறிவிச்சாரு. இவரு ராணுவக்காரர் இல்ல, ஃபர்னிச்சர் வியாபாரத்துல இருந்து வரித்துறைக்குப் போய் அங்க இருந்து அமைச்சரா வந்தவரு. ஜெனரல்களுக்கு இவரைக் கண்டாலே ஆகாது, முதுகுக்குப் பின்னாடி ஸ்டூல் கடைக்காரன்னு சொல்லுவாங்க. ஆனா யோசிச்சுப் பார்த்தா வெளியாள்ங்கிறதால தான் இவரால இதைத் தொடவே முடிஞ்சுது, உள்ள வளர்ந்த ஜெனரல் யாரும் தன் பேட்ச் ஆளுங்களோட பதவியை ஒழிச்சிருக்க மாட்டாங்க.

வெட்டு எவ்வளவு பெருசுன்னா, மொத்த எண்ணிக்கை 11.3 லட்சத்துல இருந்து 10 லட்சம், அது பெரிய விஷயம் இல்ல. ஆபீசர் பதவி 3,55,000ல இருந்து 1,50,000. அதாவது கிட்டத்தட்ட மூணு பேருக்கு ஒரு ஆபீசர்னு இருந்த ராணுவத்துல பாதிக்கு மேல ஆபீசர் பதவியை ஒரே வீச்சுல காலி பண்ணாங்க. தரைப்படைல 1,890 யூனிட் இருந்துச்சு, அதை 172 ஆக்குனாங்க. குரில் தீவுல இருந்த ஒண்ணைத் தவிர தரைப்படையோட டிவிஷன்கள் எல்லாத்தையும் கலைச்சு பிரிகேடா மாத்துனாங்க. ஆறு ராணுவ மாவட்டம் 2010ல நாலாச்சு. மிச்சமான காசும் எண்ணெய்க் காசும் சேர்ந்து 2020 வரைக்கும் 20 டிரில்லியன் ரூபிளுக்கு ஆயுதத் திட்டம் போட்டாங்க, 2012ல இருந்து சம்பளத்தை ரெண்டு மடங்கு மூணு மடங்கு ஏத்துனாங்க. ஒரு புது லெப்டினன்ட் கௌரவமா குடும்பம் நடத்தலாம்ங்கிற நிலைமை அப்போ தான் வந்துச்சு.

இது எல்லாமே அந்த நேரத்துக்கு சரியான முடிவு தான்னு நான் சொல்லுவேன். பிரச்சனை எங்க ஆரம்பிக்குதுன்னா, ராணுவத்துல ஒரு பதவியை ஒழிக்கிறதும் அந்த பதவி செஞ்ச வேலையை ஒழிக்கிறதும் ஒண்ணு இல்ல. பதவி போனாலும் வேலை அங்கயே நிக்கும், யாராச்சும் செஞ்சாகணும்.

ப்ராபோர்ஷிக்னு ஒரு ரேங்க் இருந்துச்சு, நம்ம சுபேதார் மாதிரின்னு வச்சுக்கலாம், முழுசா அப்படி இல்லன்னாலும். ரஷ்யாவுல இவங்களைப் பத்தி ஏகப்பட்ட ஜோக் உண்டு, எல்லா ஜோக்கும் குடோன்ல இருந்து என்னத்தையாவது வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறது பத்தி தான். சுமார் 1,40,000 பேரு. செர்த்யூக்கோவ் அந்த ரேங்கையே ஒழிச்சுட்டாரு. திருட்டு குறைஞ்சுதோ என்னவோ, ஆனா ரேடார், ரேடியோ, டேங்க் இன்ஜின்னு பத்து இருபது வருஷம் கை வச்சு வேலை பார்த்த டெக்னீஷியன்களும் இந்தக் கூட்டத்துல தான் இருந்தாங்க. அவங்க இடத்துக்கு மேற்கத்திய பாணில ப்ரொஃபஷனல் சார்ஜென்ட்களை உருவாக்குறதா பிளான், 2009ல ரியாசான் நகரத்துல ஸ்கூலும் ஆரம்பிச்சாங்க, படிப்பு கிட்டத்தட்ட மூணு வருஷம். ஆனா வெளிய போறவங்க லட்சத்துக்கு மேல, உள்ள வர்றவங்க ஒரு பேட்சுக்கு சில நூறு பேர். வெட்டுறது ஒரு கையெழுத்துல முடிஞ்சிடும், வளர்க்க பத்து வருஷம் ஆகும், எந்த ராணுவ சீர்திருத்தத்துலயும் இந்த நேர வித்தியாசத்தைத் தான் யாரும் பட்ஜெட்ல எழுதுறதில்ல. கடைசில செர்த்யூக்கோவுக்கு அப்புறம் அமைச்சரா வந்த ஷோய்கு 2013ல ப்ராபோர்ஷிக்கைத் திரும்பக் கொண்டு வந்தாரு.

ஆபீசர் கதை இன்னும் கூத்து. ரஷ்ய சட்டப்படி பத்து வருஷத்துக்கு மேல சர்வீஸ் இருக்கிற, சொந்த வீடு இல்லாத ஆபீசரை வீடு குடுக்காம வெளிய அனுப்ப முடியாது. வீடு அவ்வளவு கட்டி வைக்கல. அதனால பதவி இல்ல, வேலை இல்ல, ஆனா டிஸ்மிஸ் பண்ணவும் முடியாதுன்னு பல்லாயிரம் பேர் வருஷக்கணக்கா அடிப்படைச் சம்பளத்தை வாங்கிட்டு சும்மா காத்திருந்தாங்க. இன்னொரு பக்கம் ஆபீசர் ஜாஸ்தியா இருக்காங்கன்னு ராணுவ காலேஜ்கள்ல புது கேடட் சேர்க்கறதையே ரெண்டு வருஷத்துக்கு மேல நிறுத்தி வச்சாங்க, 65 காலேஜை பத்தா சுருக்குற திட்டம் வேற. காலேஜ் மூடுனா அங்க பாடம் நடத்துன அனுபவஸ்தர்களும் போயிடுவாங்க. 2011லயே 1,50,000 பத்தாதுன்னு ஆபீசர் எண்ணிக்கையை 2,20,000னு திருத்துனாங்க.

சரி, டிவிஷன் பிரிகேட் விஷயத்துக்கு வருவோம், இது தான் ரீஆர்கனைசேஷனோட மையம். பழைய டிவிஷன்ல பத்தாயிரம் பேருக்கு மேல, மூணு நாலு ரெஜிமெண்ட், சொந்த ஆர்ட்டிலரி, விமான எதிர்ப்பு, இன்ஜினியர், சப்ளை எல்லாம் இருக்கும். பிரிகேட்ல நாலாயிரம் பேர் வாக்குல. மேல இருந்து உத்தரவு நாலு படி இறங்கி வர்றது மூணு படி ஆகுது, வேகம். ஜார்ஜியா மாதிரி, செச்சன்யா மாதிரி சின்ன சண்டைக்கு ஒரு பிரிகேடை அப்படியே தூக்கி அனுப்பலாம். ஆனா ஒரு மாசம் ரெண்டு மாசம் இழுக்குற சண்டைல டிவிஷனுக்கு இருக்கிற வசதி, ஒரு ரெஜிமெண்ட் அடிவாங்கும்போது இன்னொண்ணைப் பின்னாடி வச்சு ரெஸ்ட் குடுத்து மாத்தி மாத்தி அனுப்பலாம். பிரிகேடுக்கு அந்த இடம் இல்ல, இருக்கிறதே அவ்வளவு தான், அது தேய்ஞ்சா முழுசா வெளிய எடுக்கணும். அதாவது வேகத்தை வாங்கிட்டு தாங்குற சக்தியை வித்தாங்க. எதிரி யாருங்கிறதைப் பொறுத்து இது நல்ல வியாபாரம் தான், 2008ல பக்கத்துல இருந்த எதிரிகளைப் பார்த்தா நல்லாவே தெரிஞ்சுது. 2014ல உக்ரைனோட கிரிமியாவுல இறங்குன சீரான, சத்தமில்லாத படையைப் பார்த்து மேற்கு நாட்டு நிபுணர்களே ஆச்சரியப்பட்டாங்க.

அதே 2014ல உக்ரைன் பக்கம் பாருங்க, அங்கயும் இருபது வருஷம் வெட்டு தான் நடந்துச்சு. அந்த மார்ச்ல தற்காலிக ராணுவ அமைச்சர் தென்யூக் சொன்ன கணக்குப்படி 41 ஆயிரம் தரைப்படை வீரர்கள்ல சண்டைக்கு ரெடி 6 ஆயிரம் பேர். கட்டாய சேவையைக்கூட 2013 கடைசில நிறுத்தியிருந்தாங்க, 2014 மே மாசம் திரும்பக் கொண்டு வந்தாங்க. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, அதுக்கப்புறம் எட்டு வருஷம் கிழக்கு உக்ரைன்ல சண்டை நடந்த டான்பாஸ் பகுதில மாத்தி மாத்தி ஆளை அனுப்பி அனுப்பி, வீட்டுக்குத் திரும்புனவங்க எல்லாரும் சண்டை பார்த்த ரிசர்வ் ஆளுங்களா பதிவேட்டுல சேர்ந்துட்டே இருந்தாங்க. திட்டம் போட்டு செஞ்சாங்களா இல்ல கஷ்ட காலத்துல தானா நடந்துச்சான்னு வாதாடலாம், ஆனா ரஷ்யா வித்த அதே சரக்கை அவங்க சேர்த்து வச்சாங்க.

ரஷ்யாவுல அதுக்குள்ள செர்த்யூக்கோவ் போயிட்டாரு. அபோரோன்செர்விஸ்னு ராணுவ சொத்து, பராமரிப்பு, ரிப்பேர் எல்லாத்தையும் பார்த்துக்க ஒரு அரசு கம்பெனி உருவாக்கியிருந்தாங்க, அதுல ஊழல்னு ரெய்டு நடந்து 2012 நவம்பர்ல அவரை நீக்கிட்டாங்க. பின்னாடி வந்த ஷோய்கு சீர்திருத்தத்தைத் தொடரவும் இல்ல, முழுசா திருப்பவும் இல்ல. 2013 மே மாசம் தமான், கான்டெமிரோவ் டிவிஷன்களை மறுபடி உயிர்ப்பிச்சாரு, அணிவகுப்புக்கு ராசியான பேரு அதெல்லாம். அப்புறம் மேற்கு எல்லையில இன்னும் சில டிவிஷன், 1வது டேங்க் ஆர்மின்னு பெரிய போருக்கான பேர்ப்பலகைகள் வந்துட்டே இருந்துச்சு. ஆனா அதை நிரப்ப ஆள் கூடல. பேரு டிவிஷன், உள்ள இருக்கிற ஆளு பிரிகேடை விட கொஞ்சம் ஜாஸ்தி. என்னைக் கேட்டா செர்த்யூக்கோவ் வெட்டுனதை விட இந்த ரெண்டுங்கெட்டான் நிலை தான் பெரிய சேதம். சின்ன படையா இருந்தா சின்ன வேலையை மட்டும் எடுக்கணும், பெரிய வேலை எடுக்கணும்னா ஆளைச் சேர்க்கணும், ரெண்டுல எதையும் செய்யல.

ஆள் கணக்குல ஒரு சிக்கல் வேற. கட்டாய சேவை 2008ல இருந்து ஒரே வருஷம். அந்தப் பசங்களை வெளிநாட்டு சண்டைக்கு அனுப்பக்கூடாதுங்கிறது அரசியல் கட்டாயம், அம்மாக்கள் கோவம் செச்சன்யா காலத்துல பார்த்தது. அதனால ஒவ்வொரு பிரிகேட், ரெஜிமெண்ட்லயும் காண்ட்ராக்ட் ஆளுங்களை மட்டும் பொறுக்கி ரெண்டு பட்டாலியன் குழு, மூணாவது கட்டாய சேவைப் பசங்களோட ஊர்லயே நிக்கும். இந்தக் குழுக்களுக்குத் தான் பிடிஜின்னு பேரு, ஒண்ணுல அறுநூறு எழுநூறு எண்ணூறு பேர், பத்து டேங்க், நிறைய பீரங்கி, ஆனா கீழ இறங்கி நடந்து சண்டை போடுற காலாட்படை மட்டும் ரொம்பக் கம்மி. 2021 ஆகஸ்ட்ல ஷோய்கு 168 பிடிஜி ரெடின்னு பெருமையா சொன்னாரு. காகிதத்துல பார்த்தா பயங்கரமான படை தான்.

2022 பிப்ரவரி 24. சுமார் ஒன்றரை லட்சத்துல இருந்து ரெண்டு லட்சத்துக்குள்ள ஆளோட இந்தியாவோட அஞ்சுல ஒரு பங்கு பரப்பளவுள்ள நாட்டுக்குள்ள நாலு பக்கமா நுழைஞ்சாங்க. பிஎம்பி கவச வண்டில டிரைவர், கன்னர், கமாண்டர் மூணு பேர் போக பின்னாடி ஏழு பேர் இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு பேர் மூணு பேர், சில வண்டில யாருமே இல்ல. நகரத்துக்குள்ள, காட்டுக்குள்ள டேங்கைப் பாதுகாக்க காலாட்படை வேணும், அது தான் இல்ல. உக்ரைன் பொது அணிதிரட்டல் அறிவிச்சு கோடைக்குள்ள சுமார் 7 லட்சம் பேரைத் திரட்டிடுச்சு. ரஷ்யா இதை போர்னே ஒத்துக்காததால ஆளைக் கூப்பிட முடியல. ஊர்ல நின்ன மூணாவது பட்டாலியன்ல இருந்த ஆபீசர், பயிற்சி குடுக்குற ஆளு எல்லாரையும் ஒவ்வொருத்தரா முன்னணிக்கு இழுத்தாங்க. செப்டம்பர்ல கார்கிவ் பக்கம் நீண்ட எல்லைய மெல்லிசான படையை வச்சு காத்துட்டு இருந்தது சில நாள்ல சரிஞ்சுது, பலாக்லியா, இசியும்னு ஊர்கள் எல்லாம் போச்சு.

செப்டம்பர் 21ல 3 லட்சம் பேருக்கு அணிதிரட்டல்னு புடின் அறிவிச்சப்போ தான் 2008ல வித்த பொருளோட உண்மையான விலை தெரிஞ்சுது. இரும்பு இருந்துச்சு, சேமிப்பு தளங்கள்ல இருந்து அறுபது வருஷத்துக்கு முன்னாடி டிசைன் பண்ண டி-62 டேங்க் கூட வெளிய வந்துச்சு. ஆள்கள் வந்தாங்க. ஆனா அவங்களை வாங்கி, பிரிச்சு, பயிற்சி குடுத்து, ஒரு யூனிட்டா நடத்தக்கூடிய அந்த வேலையில்லாத மேஜர்களும் கேப்டன்களும் இல்ல. காலி டிவிஷன்ல சும்மா உக்காந்து சம்பளம் வாங்குறாங்கன்னு நாம மேல சிரிச்சோமே, அவங்க வேலையே இது தான். சில வாரத்துல முன்னணிக்குப் போனவங்க உண்டு.

அதுக்காக பழைய ராணுவமே இருந்திருந்தா ஜெயிச்சிருப்பாங்கன்னு நான் சொல்லல, சிலர் அப்படி எழுதுறாங்க, க்ரோஸ்னியை மறந்துட்டாங்க போல. பேப்பர்ல பதவி உயர்ந்த கர்னல் கையில 3 லட்சம் பேரைக் குடுத்தாலும் கதை நல்லா முடிஞ்சிருக்காது. குறைச்சது சரி. குறைச்ச ராணுவத்துக்கு ஒரு உயிருள்ள ரிசர்வ், அதாவது வருஷத்துக்கு சில வாரம் வந்து பயிற்சி எடுத்து அதுக்கு காசும் வாங்குற ஆளுங்க, வச்சிருக்கணும். அதைப் பத்தி பத்து வருஷம் பேசுனாங்க, 2021ல தான் பார்ஸ்னு ஒரு திட்டத்தைக் கொஞ்சம் சீரியஸா எடுத்தாங்க, லேட்.

பிரிட்டன் வேற பாதைல போய் இதே சுவத்துல முட்டிட்டு நிக்குது. 2010 வாக்குல 1,02,000 பேர் இருந்த தரைப்படை, அப்புறம் 82 ஆயிரம்னாங்க, 2021ல 72,500னாங்க. குறையுற இடத்தை ரிசர்வ் ஆளுங்க நிரப்புவாங்கன்னு சொன்னாங்க, ஆள் எடுக்குற வேலையை 2012ல காப்பிட்டாங்கிற தனியார் கம்பெனிக்குக் குடுத்தாங்க. 2018ல அந்த நாட்டு தேசிய தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கைல ஒவ்வொரு வருஷமும் இலக்குல 21ல இருந்து 45 சதவீதம் வரைக்கும் பற்றாக்குறைன்னு இருந்துச்சு, விண்ணப்பிச்சு பயிற்சில சேர பலருக்கு 300 நாளுக்கு மேல. அவ்வளவு நாள் எவன் காத்திருப்பான், வேற வேலைக்குப் போயிடுவான். 2024 டிசம்பர்ல அவங்க அமைச்சர் அலிஸ்டர் கார்ன்ஸ் சொன்னது, உக்ரைன் அளவுக்கு ஒரு போர் வந்தா இப்போ இருக்கிற ராணுவம் ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள தீர்ந்துடும்னு. ரஷ்யாவும் ஆறேழு மாசத்துல தான் கார்கிவ்ல சரிஞ்சுது.

இலங்கை கணக்கு தலைகீழ். அங்க 2009ல போர் முடிஞ்சும் 14 வருஷம் யாரும் எண்ணிக்கையைத் தொடல, நாடு திவாலான பிறகு தான் 2023 ஜனவரில அரசு சொல்லுச்சு, 2,00,783 பேரை 2024க்குள்ள 1,35,000 ஆக்கி 2030க்குள்ள ஒரு லட்சமா குறைப்போம்னு. வடக்குல ராணுவம் விவசாயம் பண்றது, ஹோட்டல் நடத்துறதுன்னு பார்த்து நொந்துபோன மக்களுக்கு இது எவ்வளவோ லேட்டான முடிவு. ஆனா சண்டை மட்டுமே தெரிஞ்ச ஆளுங்க, நொடிஞ்ச பொருளாதாரத்துல வெளிய வந்தா எங்க போவாங்க? இலங்கையோட முன்னாள் சிப்பாய்கள் நிறைய பேரு ஏஜென்ட் பேச்சைக் கேட்டு ரஷ்யாவுக்குப் போய் அதே உக்ரைன் முன்னணில நின்னாங்க. 2025 தொடக்கத்துல வெளியுறவு அமைச்சர் விஜித ஹேரத் நாடாளுமன்றத்துல குடுத்த கணக்கு, ரஷ்யப் படைல சேர்ந்தவங்க 554, செத்தவங்க 59. ஒரு நாடு தன்னோட காலி இடத்தை இன்னொரு நாட்டுல மிச்சமானவங்களை வச்சு நிரப்பப் பார்த்துச்சு.

நம்ம ஊர் அக்னிபாத்தையும் இந்தக் கண்ணாடில பார்க்கலாம். 2022-23 பாதுகாப்பு பட்ஜெட் 5.25 லட்சம் கோடில பென்ஷன் மட்டும் 1.19 லட்சம் கோடி, அதனால காரணம் எல்லாருக்கும் தெரியும், அரசு இளமையான ராணுவம்னு சொல்லிட்டு இருந்தாலும். நாலு வருஷம் சர்வீஸ், 25 சதவீதம் பேர் தங்கலாம், மிச்சப் பேர் சுமார் 11.71 லட்சம் ரூபாயோட வெளிய. கொரோனாவுல ரெண்டு வருஷம் ஆள் எடுப்பே நடக்கல, அப்புறம் முதல் வருஷம் மூணு படைக்கும் சேர்த்து 46 ஆயிரம் பேரை எடுத்தாங்க, ரிட்டையர் ஆகிப் போறவங்க அதை விட ஜாஸ்தி. ஆக ராணுவத்தைக் குறைக்கிறோம்னு யாரும் அறிவிக்காமலே அது குறைஞ்சுது. ஆனா நம்ம எல்லை இமயமலை. அங்க ஒரு சிகரத்தைப் பிடிச்சு வைக்கணும்னா ஆள் உடம்போட அங்க நிக்கணும், ட்ரோன் பார்த்துட்டு வரும், ஆனா நிக்காது.

இங்க எனக்கு ஒரு விஷயம் புரியவே இல்ல. வெளிய வரப்போற அந்த 75 சதவீதம் பேர் தான் ரஷ்யா இல்லாம தவிச்ச சரக்கு, இருபத்தஞ்சு வயசு வாக்குல நாலு வருஷம் பயிற்சி எடுத்த ஆளுங்க. ஆனா இங்க நடக்குற பேச்சு முழுக்க மத்திய ஆயுதப் படைல எத்தனை சதவீதம் ஒதுக்கீடு, போலீஸ்ல எத்தனை, தங்க வைக்கிறது 25ஆ இல்ல கூட்டணுமாங்கிறது தான், எல்லாம் வேலைவாய்ப்பு கேள்வி, அதுவும் நியாயமானது தான். அவங்களை வருஷத்துக்கு ரெண்டு வாரம் கூப்பிட்டு, படி குடுத்து, பேரை ஒரு யூனிட்டோட சேர்த்து வச்சா என்ன செலவாகும்னு கணக்கு போட்டு யாரும் விவாதிச்சு நான் பார்க்கல. முதல் பேட்ச் 2023 ஜனவரி வாக்குல பயிற்சிக்குப் போனாங்க, அவங்களோட நாலு வருஷம் 2026 கடைசில முடியுது.